நோட்டில் எழுதலாம், மேசையில் சீட்டு வைக்கக் கூடாது

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பெயர் வேண்டாம். அந்த மண்டபத்துக்கான புக்கிங் புரோகிராமை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை 2005-இல், இரண்டாவது முறை 2023-இல். இரண்டு தடவையும் ஒரே பள்ளத்தில் விழுந்தேன். நடுவில் பதினெட்டு வருஷம் ஓடியிருக்கிறது. மெஷின் மாறிவிட்டது, ஓஎஸ் மாறிவிட்டது, டேட்டாபேஸ் மாறிவிட்டது, என் தலைமுடியும் பாதி போய்விட்டது. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2005-இல் மண்டபத்து ஆபீஸில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். அதில் ஐஐஎஸ் என்கிற மைக்ரோசாஃப்ட் வெப் சர்வரைப் போட்டு, அதில் ஓடும் ஏஎஸ்பி பக்கங்கள் எழுதி, பின்னால் டேட்டாபேஸாக ஒரு ஆக்சஸ் ஃபைல். அந்தக் காலத்தில் சின்னக் கடைகளுக்கு எல்லாரும் செய்ததுதான். கீழே கணக்கரின் மேசையிலும், மாடியில் முதலாளி அறையிலும் பிரவுசரில் ஒரே பட்டியலைப் பார்க்கலாம். எந்த முகூர்த்தம் காலி, யார் அட்வான்ஸ் கொடுத்தார்கள், பாத்திரம் தனியா, மண்டபத்தோடு சேர்த்தா, எல்லாம் அதில் வரும். அதற்கு முன்பு எல்லாம் ஒரே ஒரு நீள நோட்டு. கணக்கர் அண்ணன் அதை யாரையும் தொட விடமாட்டார்.

வீட்டில் என் மெஷினில் எல்லாம் ஓடியது. மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தேன். பட்டியல் வந்தது, தேதி போட்டுத் தேடினால் வந்தது. அண்ணன் அன்று காலையில் வந்த இரண்டு புக்கிங்கைப் போட்டார். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். மதியம் மாடியிலிருந்து முதலாளி போன் பண்ணுகிறார்: “தம்பி, காலையில ரெண்டு பார்ட்டி வந்தாங்களே, லிஸ்ட்ல ஒண்ணையும் காணோம்?”

இரண்டும் டேட்டாபேஸில் ஏறவே இல்லை. பச்சை எழுத்து எப்படி வந்தது என்றால், ஏஎஸ்பி பக்கத்தின் உச்சியில் ‘ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்று ஒரு வரி போட்டு வைத்திருந்தேன். எந்தத் தப்பு நடந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். வாடிக்கையாளர் முன்னால் அசிங்கமான எர்ரர் வரக் கூடாது என்று ஒரு நினைப்பு. அண்ணன் பழக்கதோஷத்தில் நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தேன். எழுதாமல் விட்டிருந்தால் வைகாசியில் ஒரே நாளில் இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

அந்த வரியை எடுத்ததும் உண்மையான எர்ரர் வந்தது. ‘ஆபரேஷன் மஸ்ட் யூஸ் ஆன் அப்டேட்டபிள் கொரி’. கொரி என்றால் டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை, அது எழுத முடிகிற கட்டளையாக இருக்க வேண்டுமாம். எண் 80004005. அந்தக் காலத்தில் ஏஎஸ்பியும் ஆக்சஸும் சேர்த்து வேலை செய்த யாரைக் கேட்டாலும் இந்த வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் ‘கொரி’ என்று இருக்கிறதா, நானும் கொரியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். இன்சர்ட் வாக்கியத்தை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். அதை விட்டு ரெக்கார்ட்செட் திறந்து ‘ஆட்நியூ’ போட்டேன். தேதியைச் சுற்றி இருக்கும் குறியை மாற்றினேன். இரண்டு நாள் போய்விட்டது.

அந்த ஃபைலை நேரடியாக ஆக்சஸில் திறந்தால் எழுத முடிந்தது. பிரவுசர் வழியாகப் போனால் முடியவில்லை. ‘நான் போட்டால் ஓடுகிறது, அது போட்டால் ஓடவில்லை.’ அந்த ‘அது’ யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நேரடியாகத் திறக்கும்போது அந்த மெஷினின் அட்மினிஸ்ட்ரேட்டராகிய நான் திறக்கிறேன். பிரவுசர் வழியாக வரும்போது ஐஐஎஸ் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு விருந்தாளிக் கணக்கு திறக்கிறது. அதன் பெயர் ‘ஐயூஎஸ்ஆர்’, அதை அடுத்து ஒரு கோடு, பிறகு மெஷினின் பெயர். கீபோர்டில் உட்கார்ந்திருப்பவன் நானாக இருந்தாலும் ஃபைலைத் தொடும் கை என்னுடையது இல்லை.

சரி, அந்தக் கணக்குக்கு எழுத அனுமதி கொடுக்கலாம் என்று ஃபைலின் மேல் ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனால், செக்யூரிட்டி என்கிற டேப்பே இல்லை. டொமைனில் சேராத எக்ஸ்பியில் ‘சிம்பிள் ஃபைல் ஷேரிங்’ தானாகவே போட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்தின் அடியில் போய் அந்த டிக்கை எடுத்தால்தான் டேப் கண்ணில் படும். பக்கத்திலேயே ‘ரெக்கமெண்டட்’ என்று வேறு எழுதியிருக்கும், எடுக்கக் கை வராது. டிரைவ் எஃப்ஏடி32 என்கிற பழைய வடிவத்தில் இருந்தால் அதை எடுத்தும் பிரயோஜனமில்லை, என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்ற வேண்டும். நல்லவேளை, இது என்டிஎஃப்எஸ்.

எம்டிபி ஃபைலுக்கு, அதாவது அந்த ஆக்சஸ் ஃபைலுக்கு, எழுத அனுமதி கொடுத்தேன். ரெஃப்ரெஷ். அதே எர்ரர்.

அப்போதுதான் ஒரு நண்பன் ஃபைல்மான் என்று ஒரு கருவியைக் கொடுத்தான். சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த வருஷம், 2006-இல், மைக்ரோசாஃப்ட் அந்தத் தளத்தையே வாங்கியது. ஃபைல்மானின் இடத்துக்கு ப்ராசஸ் மானிட்டர் வந்தது. மெஷினில் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொட்டாலும் அதில் ஒரு வரி ஓடும். சேவ் பட்டனை அழுத்தினேன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரியில் ‘ஆக்சஸ் டினைட்’. எந்த ஃபைல் என்று பார்த்தால் மண்டபம் டாட் எல்டிபி. அப்படி ஒரு ஃபைலை நான் உருவாக்கவே இல்லை.

விஷயம் இதுதான். ஒரே நேரத்தில் பல பேர் ஒரு ஆக்சஸ் ஃபைலைத் திறக்கலாம் அல்லவா, யார் எதைப் பூட்டியிருக்கிறார்கள் என்று குறித்துவைக்க ஆக்சஸின் உள்ளே வேலை செய்யும் ஜெட் எஞ்சின் அதே ஃபோல்டரில் ஒரு எல்டிபி ஃபைலை உருவாக்கும். கடைசி ஆள் வெளியே போகும்போது அதை அழித்துவிடும். ஆக, எம்டிபிக்கு எழுத அனுமதி இருந்தால் போதாது. அது இருக்கும் ஃபோல்டரில் புது ஃபைல் உருவாக்கவும் அழிக்கவும் அனுமதி வேண்டும். அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது? “நோட்டுல எழுத உங்களுக்கு அனுமதி கொடுத்தாச்சுண்ணே. ஆனா நோட்டு இருக்கிற மேசை மேல ஒரு துண்டுச் சீட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. அந்தச் சீட்டு இல்லாம அது எழுதாது” என்றேன். “அப்ப மேசையையும் கொடுத்துத் தொலை” என்றார்.

ஐஐஎஸ் பரிமாறும் ஃபோல்டருக்கே அந்த அனுமதியைக் கொடுக்கப் போய், நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். எம்டிபி அங்கேதான் இருந்தது. அங்கே இருந்தால், முகவரியில் அந்த ஃபைல் பெயரைத் தட்டுகிற யாருக்கும் மொத்த டேட்டாபேஸும் டவுன்லோட் ஆகும். மாப்பிள்ளை பெயர், போன் நம்பர், கொடுத்த அட்வான்ஸ் எல்லாம். அதனால் டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, ஃபைலை அங்கே நகர்த்தி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ‘மாடிஃபை’ கொடுத்தேன். சேவ் ஆனது. அந்த புரோகிராம் அப்புறம் ரொம்ப வருஷம் ஓடியது, எனக்கே ஆச்சரியம்.

பிறகு 2023. முதலாளி காலமாகிவிட்டார், மகன் பொறுப்பு எடுத்துக்கொண்டார். ஊரில் இல்லாத நேரத்திலும் போனில் புக்கிங் பார்க்க வேண்டும் என்றார். வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் சர்வர்), அதில் உபுண்டு 22.04 லினக்ஸ், புரோகிராம் எழுத பைத்தானில் ஃப்ளாஸ்க், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பின்னால் டேட்டாபேஸாக எஸ்க்யூலைட், அதுவும் ஆக்சஸ் மாதிரி ஒரே ஒரு ஃபைல்தான். வருஷத்துக்குச் சில நூறு புக்கிங், எழுதுபவர்கள் மூன்று பேர். இதற்கு எஸ்க்யூலைட் தாராளம். மாற்றும் வேலையை ஆடியில் வைத்துக்கொண்டோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். சர்வர் படுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பழைய புக்கிங் எல்லாவற்றையும் மாற்றி, என் மெஷினில் சரிபார்த்து, சர்வரில் ஏற்றினேன். ‘சூடோ’ (அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் ஓட்டு என்று அர்த்தம்) போட்டு ஒரு ஃபோல்டரை உருவாக்கி, ‘சூடோ’ போட்டு ஃபைல்களை உள்ளே காப்பி பண்ணினேன். வெப் சர்வர் ஓடும் கணக்கின் பெயர் உபுண்டுவில் மூன்று டபிள்யூ, ஒரு கோடு, டேட்டா. வாயில் நுழையாது என்பதால் எங்கள் ஆபீஸில் அது ‘டபிள்யூ டேட்டா’. டேட்டாபேஸ் ஃபைலின் உடைமையை டபிள்யூ டேட்டாவுக்கு மாற்றினேன். இந்த முறை தெளிவாகத்தான் இருக்கிறேன், யார் திறக்கிறார்கள் என்று யோசித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

பட்டியல் வந்தது. புது புக்கிங் போட்டால் 500, சர்வரில் ஏதோ தப்பு என்று அர்த்தம். லாகில் ‘அட்டெம்ப்ட் டு ரைட் எ ரீட்ஒன்லி டேட்டாபேஸ்’. (இந்த முறை எர்ரரை மூடி மறைக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு ஏற்கனவே ஒரு காபி செலவாகியிருக்கிறது.)

ரீட்ஒன்லி, அதாவது படிக்க மட்டும், என்கிறதே என்று ஃபைலைப் பார்த்தால் டபிள்யூ டேட்டாவுக்கு எழுத அனுமதி இருக்கிறது. டிஸ்க் நிறைந்துவிட்டதா? இல்லை. சர்வரில் ‘சூடோ’ போட்டு எஸ்க்யூலைட்டைத் திறந்து ஒரு வரி இன்சர்ட் பண்ணினேன், ஏறியது. இங்கேயாவது எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். சூடோ போட்டால் நான் ரூட், லினக்ஸின் அட்மினிஸ்ட்ரேட்டர். ரூட்டை அனுமதி பிட்டுகள் தடுப்பதே இல்லை. மண்டபத்து முதலாளியே போய்க் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, ‘திறந்துதானே இருக்கு’ என்று சொல்கிற மாதிரி.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “சார், 777 போட்டுரலாமா?” என்றான். எல்லாருக்கும் எல்லா அனுமதியும் என்று அர்த்தம். டேட்டாபேஸ் ஃபைலுக்குப் போட்டுப் பார் என்றேன். போட்டான். அதே 500. நான் டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வருவதற்குள், “ஓடுது சார்!” என்கிறான். என்ன செய்தாய் என்றால், மொத்த ஃபோல்டருக்கும் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கமாண்டில் 777.

“எது சரி பண்ணுச்சு?”

“777 சார்.”

“ஃபைலுக்கும் 777 போட்டியே, அப்ப ஏன் ஓடல?”

பதில் இல்லை. என்னிடமும் அந்த நிமிஷம் இல்லை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்துகிறாரே என்று. அப்புறம், லினக்ஸில் ஃபைல்மான் மாதிரி உதவும் ‘எஸ்ட்ரேஸ்’ எடுத்து ஓடும் ப்ராசஸில் மாட்டினோம். ஃபைல் திறக்கும் அழைப்புகளை மட்டும் காட்டு என்று சொல்லிவிட்டு, பிரவுசரில் சேவ் அழுத்தினோம். கடைசியில் அந்த வரி வந்தது. மண்டபம் டாட் டிபி, அதன் வாலில் ஒரு கோடு, ‘ஜர்னல்’. பர்மிஷன் டினைட்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்குப் புரியவில்லை. எல்டிபி! பதினெட்டு வருஷம் கழித்து வேறு பெயரில் வந்து நிற்கிறது.

எஸ்க்யூலைட் ஒரு மாற்றத்தை எழுதும் முன், பழைய பக்கங்களை ஒரு ஜர்னல் ஃபைலில் எடுத்து வைக்கும். நடுவில் கரண்ட் போனால் அதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும். வேலை முடிந்ததும் அதை அழிக்கும். அந்த ஃபைல் டேட்டாபேஸ் இருக்கும் அதே ஃபோல்டரில்தான் உருவாகும். லினக்ஸில் ஒரு ஃபைலை உருவாக்குவதும் அழிப்பதும் ஃபோல்டரில் எழுதும் வேலை. ஃபோல்டரை நான் சூடோ போட்டு உருவாக்கியதால் அதற்குச் சொந்தக்காரர் ரூட், அனுமதி 755, அதாவது எழுத அவருக்கு மட்டும். டபிள்யூ டேட்டா உள்ளே வரலாம், பார்க்கலாம், நோட்டில் எழுதலாம். மேசையில் சீட்டு மட்டும் வைக்க முடியாது. படிக்கும்போது ஜர்னல் தேவையில்லை, அதனால்தான் பட்டியல் மட்டும் ஒழுங்காக வந்தது.

777 ஏன் வேண்டாம் என்று பையன் கேட்டான், நியாயமான கேள்விதான். 7 என்பது படிக்க 4, எழுத 2, நுழைய அல்லது ஓட்ட 1. மூன்று ஏழு என்றால் சொந்தக்காரருக்கும், குழுவுக்கும், அந்த மெஷினில் இருக்கும் மற்ற எல்லாக் கணக்குக்கும் மூன்றும். அந்த ஃபோல்டரில் டேட்டாபேஸ் மட்டுமா இருந்தது? பைத்தான் கோடு இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் ரகசிய சாவி ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருந்தது. அதே விபிஎஸ்ஸில் மண்டபத்துக்காரர்களின் சமையல் காண்ட்ராக்ட் சைட் ஒன்றும் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகிறது. அதில் யாரோ எப்போதோ போட்ட பழைய பிளக்இன் ஒன்றில் ஓட்டை இருந்தால், அந்த வழியாக வருபவன் என் கோடையே மாற்றி எழுதலாம்.

இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னொன்று உறைத்தது. வேர்ட்பிரஸ்ஸும் டபிள்யூ டேட்டாவாகத்தான் ஓடுகிறது. என் புரோகிராமும் அதே ஆளாக ஓடினால், 777 போடாமலே, ஃபோல்டரை டபிள்யூ டேட்டாவுக்குக் கொடுத்தாலே, அந்த சைட் வழியாக வருபவனுக்கு மண்டபத்து நோட்டும் திறந்துவிடும். இரண்டு வீட்டுக்கு ஒரே சாவி.

அதனால் மொத்தமாகப் பிரித்தேன். ‘மண்டபம்’ என்றே ஒரு புது சிஸ்டம் கணக்கு. அதைக் கொண்டு யாரும் லாகின் பண்ண முடியாது. உபுண்டுவில் சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் ‘யூசர்’ வரியில் அந்தப் பெயர். பைத்தான் கோடு என் உடைமையில். மண்டபம் கணக்கு அதைப் படிக்கலாம், ஓட்டலாம், மாற்ற முடியாது. செட்டிங்ஸ் ஃபைலுக்கு 640: நான் எழுதலாம், மண்டபம் குழு படிக்கலாம், மற்றவருக்கு ஒன்றும் இல்லை. டேட்டாபேஸுக்கு மட்டும் ‘வார்’ என்பதன் அடியில் ‘லிப்’, அதன் அடியில் ‘மண்டபம்’ என்று தனி ஃபோல்டர். சர்வீஸ் ஃபைலில் ‘ஸ்டேட் டைரக்டரி’ என்று ஒரு வரி போட்டால் சிஸ்டம்டியே அந்த ஃபோல்டரைச் சரியான உடைமையோடு உருவாக்கிக் கொடுத்துவிடும். நான் சூடோ போட்டுத் தப்பாக உருவாக்குவதற்கு இடமே இல்லை. கூடவே ‘ப்ரொடெக்ட் சிஸ்டம்’ என்பதை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக்கினால், அந்த சர்வீஸுக்கு அந்த ஒரு ஃபோல்டரையும் சில சிறப்பு ஃபோல்டர்களையும் தவிர, மொத்த டிஸ்க்கும் படிக்க மட்டும்தான். இவ்வளவு வசதி எக்ஸ்பி காலத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

இப்போது சோதனை பண்ணும் முறையையும் மாற்றிக்கொண்டேன். வெறும் சூடோ கிடையாது. ‘சூடோ, கோடு யூ, மண்டபம்’ என்று அந்தக் கணக்காகவே மாறி, அந்த ஃபோல்டரில் ‘டச்’ போட்டு ஒரு வெற்று ஃபைல் உருவாகிறதா, பிறகு அழிகிறதா என்று பார்ப்பது. பத்து செகண்ட் வேலை. இன்னொரு நல்ல கமாண்ட் ‘நேம்ஐ’, அதோடு ‘எல்’. ஒரு பாதையைக் கொடுத்தால் வேர் ஃபோல்டரிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படியின் சொந்தக்காரரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். கடைசிக் கதவு திறந்திருக்கும், நடுவில் ஏதாவது ஒரு கதவு சாத்தியிருக்கும். உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டருக்கு 750 தான், மற்றவர் உள்ளே நுழைய முடியாது. முன்பெல்லாம் வீட்டு ஃபோல்டருக்குள் சைட்டை வைத்தால் ஓடும், இப்போது என்ஜின்எக்ஸ் 403 (அனுமதி இல்லை) காட்டும். போன மாதம்கூட ஒரு நண்பர் இதற்காக என்ஜின்எக்ஸ் கான்ஃபிகை அரை நாள் புரட்டியிருக்கிறார்.

மைஎஸ்க்யூஎல் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்றான் பையன். இந்தக் குறிப்பிட்ட தொல்லை இல்லைதான். அங்கே ஃபைலைத் தொடுவது மைஎஸ்க்யூஎல் சர்வர் மட்டுமே. ஆனால் அங்கும் எல்லாரும் ‘கிரான்ட் ஆல்’ (எல்லா அனுமதியும் கொடு) போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அதுவும் 777 தான், உடை வேறு. நான் வேறொரு கடைக்குச் செய்ததில் புரோகிராமின் கணக்குக்கு செலக்ட், இன்சர்ட், அப்டேட் மட்டும்தான். டெலீட் கிடையாது. பில்லை ரத்து செய்தால் நிலை மாறும், வரி போகாது. டேபிள் மாற்றங்களுக்குத் தனிக் கணக்கு, அது என் கையில். 3306 போர்ட் வெளியே திறக்கவே இல்லை, 127.0.0.1-இல், அதாவது அதே மெஷினுக்குள், மட்டும் கேட்கும்.

மண்டபத்துக்கு வருகிறேன். எல்லாம் சரியான பிறகு, எஸ்க்யூலைட்டை ‘வால்’ முறைக்கு மாற்றினேன். ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திராமல் படிக்கலாம். 2010-இல் வந்த வசதி. ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம்தான், ஆனால் தமிழில் கச்சிதமாகப் பொருந்துகிறது: டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வால் முளைக்கிறது, கூடவே ‘எஸ்எச்எம்’ என்று ஒரு குட்டி வாலும். இந்த முறையில் ஃபோல்டரில் எழுத முடியாவிட்டால் பெரும்பாலும் படிப்பதே நின்றுவிடும். இன்னொன்று, பேக்கப் எடுக்கும்போது தலையை மட்டும் காப்பி பண்ணினால் கடைசியாகப் போட்ட புக்கிங்குகள் வாலிலேயே தங்கிப்போகலாம். அதற்கென்று எஸ்க்யூலைட்டிலேயே ‘பேக்கப்’ கமாண்ட் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது ஓடுகிறது, மண்டபம் கணக்கில்தான்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது கணக்கர் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. பேரன் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் புக்கிங் போடுகிறார். ஒன்றைப் போட்டுக் காட்டினார், ஏறியது. மாடிக்கு நானே போய், முதலாளி மகனின் மெஷினில் பட்டியலைத் திறந்து, அதே வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன்.

மேசை மேல் அந்த நீள நோட்டு. புது நோட்டு, அதே அட்டை.

“இதை இனி உள்ளே வச்சிரலாமாடா?” என்றார்.

“ஒரு முகூர்த்தம் போகட்டும்ணே” என்றேன்.